எலேயாசர் ஊதாத பை

மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"இதுவும் கேக்கலேன்னா என்கிட்ட வேற மருந்து இல்ல, ஓத்திலியா. யாரெலிய சான் அன்டோனியோ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். அங்க குழாய் விட்டு, வயித்துல துளி சதை எடுத்து, எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும்னு பாப்பாங்க."

சான் அன்டோனியோவாம்! நிலாவுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தெற்கே எல்லை ஆறு, வடக்கே அந்த ஊருக்குப் போகிற வழியில் குடியேற்றப் போலீசின் சோதனைச் சாவடி. இந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லாதவர்கள் சாவடி வரைக்கும் போகலாம், வீட்டுக்குத் திரும்ப முடியாது. என் மகள் யாரெலி இங்கே பிறந்தவள், அவளை யாரும் தடுக்க மாட்டார்கள். நானும் என் புருஷன் ஃபெர்மினும் பட்டியில் அடைத்த ஆடுகள். பிள்ளைக்கு ஏழு வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், ரத்தம் இல்லாமல் உதடு வெளுத்துக் கிடப்பாள். அவளை நான் இல்லாமல் எப்படி அனுப்புவேன்?

"கிருமி போகுது, மறுபடி வருது. வீட்டுல யாருக்கோ இருக்கணும்," என்றார் டாக்டரம்மா. "பெரியவங்க எல்லாரும் ஒரு பையில ஊதுங்க. இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு பையில ஊதுங்க. கிருமி இருந்தா மூச்சுலயே தெரிஞ்சிடும். யாருக்கு இருக்கோ அவங்களும் மாத்திரை சாப்பிட்டாத்தான் பிள்ளைக்கு நிக்கும்."

பெரியவர்கள் என்றால் நான், ஃபெர்மின், அவன் தம்பி எலேயாசர். எலேயாசர் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவன். கல்யாணம் இல்லை. யாரெலி என்றால் அவனுக்கு உயிர். பையை நீட்டியதும் பாம்பைப் பார்த்தவன் போல நகர்ந்தான்.

"ஊதுறதா? நானா? ஆளை விடுங்கண்ணி."

"பலூன் ஊதுற மாதிரிதான்டா."

"போலீஸ்காரனும் இப்படித்தான் நைசாச் சொன்னான். ஊதினேன். கொண்டுபோய் ஆத்துக்கு அந்தப் பக்கம் போட்டுட்டான். மறுபடி வந்து சேர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுல என் பேர் வேற எழுதியிருக்கு. யார் யார் கைக்குப் போகுமோ!"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பேச்சில் 'சோப்லார்' என்றால் ஊதுவது. போலீசிடம் ஆளைக் காட்டிக்கொடுப்பதற்கும் அதே சொல்தான். ஊதுகிறவன் என்றாலே ஆள்காட்டி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் தெருவில் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும்.

"ஒன் வாய் நாறும்னு ஊருக்கே தெரியும், அதைப் பையில வேற பிடிச்சு வைக்கணுமா?" என்று சிரித்தான் ஃபெர்மின். "நீ போய்த் தூங்கு ஓத்திலியா. நான் பாத்துக்கறேன்."

காலையில் எழுந்தபோது எல்லாப் பைகளும் மேசைமேல் உப்பிக்கொண்டு கிடந்தன. அப்பாடா என்று இருந்தது.

முடிவு வந்தது. ஆண்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது.

"ஒங்கப்பன் வயித்துல புத்து வந்துதானே போனாரு," என்றான் ஃபெர்மின், வாயில் பீன்ஸை வைத்துக்கொண்டே. "எல்லாம் ஒங்க ரத்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "கிருமி ரத்தத்துல வராது. வாய்க்கு வாய், கைக்குக் கை, வீட்டுக்குள்ளேயே சுத்தும். ஆனா, வந்தது தங்குமா, தங்கினா எவ்வளவு கடிக்கும்ங்கறதுல ரத்தத்துக்கும் ஒரு பேச்சு உண்டு," என்றார். அதாவது புருஷன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நானும் யாரெலியும் சேர்ந்தே மாத்திரை விழுங்கினோம். வாயெல்லாம் ஒரே இரும்பு ருசி. நான் அவள் தம்ளரைத் தொடவில்லை, முத்தம்கூடக் கொடுக்கவில்லை. சாயங்காலம் எலேயாசர்தான் அவளை மடியில் வைத்துக்கொள்வான். கால்தோ என்கிற கோழிச் சாற்றைக் கரண்டியில் எடுத்து, ஊதி, சூடு பார்க்க ஒரு வாய் உறிஞ்சி, மிச்சத்தை அவளுக்கு ஊட்டுவான். அவனுக்குத்தான் கிருமி இல்லையே, ஊட்டட்டும் என்று நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி நான்!

மறு சோதனையில் எனக்குக் கிருமி போய்விட்டது. யாரெலிக்குப் போகவில்லை.

"நீங்க சுத்தம். அப்புறம் யாரு?" என்று டாக்டரம்மா குழம்பினார்.

அதையே வீட்டில் வந்து கேட்டேன். எலேயாசர் தட்டைப் பார்த்தான். ஃபெர்மின் தோர்த்தியா ரொட்டியைக் கீழே வைத்தான்.

"அவன் பையையும் நான்தான் ஊதினேன்."

"என்னய்யா சொல்ற?"

"பயந்து நடுங்கினான். ஒரு மூச்சுதானேன்னு..."

கையில் இருந்த கரண்டியை வீசினேன். சுவரில் பட்டது. அண்ணன் தம்பி இரண்டு தலையில் ஒன்றிலாவது பட்டிருக்க வேண்டும்.

"என் பிள்ள தலையில மண்ணள்ளிப் போட்டீங்களேடா!"

மறுநாள் எலேயாசர் வேலைக்குப் போகாமல் தானாகவே மருத்துவமனைக்குப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, பை வெடித்துவிடும் போல ஊதினான். இருந்தது. நிறையவே இருந்தது. அவனுக்கு மாத்திரை கிடைத்தது. என் மகளுக்குச் சாவடிக்கு இந்தப் பக்கத்தில் மருந்து தீர்ந்துவிட்டது. வயிறு என் பக்கத்து ரத்தம், கிருமி ஊட்டிய கரண்டி அவர்கள் பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது அந்தப் பிஞ்சு.

யாரெலியின் ஞானத்தாய் தொமித்திலாவிடம் காரும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது.

"நான் கூட்டிட்டுப் போறேன்டி, அழாதே," என்றாள். "ஆனா சாவடியில பிள்ளைகிட்டயும் கேப்பான். என்ன சொல்லணும்னு பழக்கி வை."

சமையலறையில் பழக்கினோம். எலேயாசர்தான் அதிகாரி. அவர்களை அதிகம் பார்த்தவன் அவன்தானே.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு, சார்."

"இவங்க யாரு?"

"என் ஞானத்தாய், சார்."

"ஒங்கம்மா எங்க?"

யாரெலி களுக்கென்று சிரித்தாள். "இதோ, அடுப்புகிட்ட நிக்கிறாங்களே!"

"அடியே, அப்படிச் சொல்லக் கூடாது. வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு."

"என்ன வேலை? எந்த இடம்?" என்று எலேயாசர் விடாமல் கேட்டான். அவள் விழித்தாள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது சுற்றி வளைத்து எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. கடைசியில் நானே சொன்னேன். "'அம்மா கூட வரல'ன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே."

புறப்படும் நாளன்று காருக்குள் குனிந்து அவளுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். ஃபெர்மின் வாசலிலேயே நின்றுவிட்டான். கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஏ பொண்ணு, ஒங்கம்மா எங்க?"

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை, இமைக்கவும் இல்லை.

"எனக்கு அம்மா இல்ல, சார்."

நான் சொல்லிக்கொடுத்தது அது இல்லை. அவளே யோசித்து வைத்திருக்கிறாள். இப்படிச் சொன்னால் அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

"சரியாச் சொன்னடி, தங்கம்," என்றேன். தொமித்திலா காரைக் கிளப்பினாள்.