பதினான்கு நாள் தண்ணீர்

அந்தக் குப்பியில் தண்ணீர் பிடித்துப் பதின்மூன்று நாட்களும் பத்தொன்பது மணி நேரமும் ஆகியிருந்தன. பதினான்கு நாள் தாண்டிவிட்டால் எந்த எண் வந்தாலும் கணக்கில் வராது. 'காலம் கடந்தது, செல்லாது' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுக் குப்பியைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத அவளுக்கு இந்த விதி பிடித்திருந்தது. அதிகம் பேச வராதவளுக்கு, பேச்சு எடுபடாத ஓர் இடம் கிடைத்த நிம்மதி.

குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். கடுகளவு காற்றுக்குமிழ்கூட இல்லை. யாரோ பொறுப்பாகப் பிடித்திருக்கிறார்கள். அவள் தேடுவது பெட்ரோலில் கலக்கும் ஒரு சேர்மானத்தை. அதற்கு ஒரு குமிழ் கிடைத்தால் போதும், தண்ணீரை விட்டு அதற்குள் குடிபோய்விடும். மண்ணிலும் அது தங்காது. பூமிக்கடியில் இருக்கும் தொட்டியில் மயிரிழை விரிசல் விட்டால், நிலத்தடி நீரோடு சேர்ந்து தெருத்தெருவாகக் கிளம்பிவிடும். அதனால்தான் மாதாமாதம் சோதனைக்கு வரும் ஒரு பெட்ரோல் பங்கைச் சுற்றி எடுத்த மண் எப்போதும் வரம்புக்குள் இருந்தது. "மண்ணு சொக்கத் தங்கம்" என்பான் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே. மண்ணும் நீரும் மாதிரி எடுத்து அனுப்பும் கம்பெனியில் அவனுக்கு வேலை. சொல்லிவைத்து இவளை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

இந்தக் குப்பியில் இருந்தது அதே பங்குக்காக எடுத்த 'கி-4' என்ற தண்ணீர் மாதிரி. நான்கு மாதமாக மாதம் ஒன்று வருகிறது. முந்தைய மூன்றுக்கும் நாள் தவறிவிட்டது. அவசரமில்லை என்று ஒரு முறை, வேறு வேலை முதலில் என்று ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் அண்ணன் போனில் ஒரு காரணம் சொன்னான். மூன்றும் 'செல்லாது' என்று எழுதப்பட்டன.

இந்த முறை அண்ணன் வெளியூரில் பயிற்சியில் இருந்தான். மாதிரி எடுத்து வந்தது கம்பெனி டிரைவர். குப்பியோடு வரும் படிவத்தில், இடம் என்ற கட்டத்தில் அண்ணன் குறியீட்டை மட்டும்தான் எழுதுவான். டிரைவர் குண்டு குண்டான எழுத்தில், கட்டத்துக்கு வெளியேயும் எழுதியிருந்தார்: 'கி-4. பங்குக்குப் பின் தெரு, தையல்காரம்மா வீட்டு போர் குழாய்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தையல்காரம்மா வீட்டுக்கும் அவளும் அண்ணனும் இருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

குப்பியை இயந்திரத்தில் ஏற்றினாள். முடிவு வர நாற்பது நிமிடம் ஆகும். கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தோளில் தண்ணீர் கேனோடு வந்தான். அண்ணி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. "இனிமே குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் இதான். போர் தண்ணி வாயில படக்கூடாது" என்றான். "பாருடி உங்கண்ணனை, என்னமா தாங்குறாரு!" என்று அண்ணி இவள் தோளில் இடித்துச் சிரித்தாள். இவளுக்கும் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து இவள் குடிப்பதும் அந்தக் கேன் தண்ணீர்தான்.

திரையில் எண் வந்தது. தண்ணீருக்கு வரம்பு இருபது. அவள் வெறும் நீரை ஏற்றி இயந்திரத்தைச் சோதித்தாள். பூஜ்யம். இயந்திரத்தில் பழுதில்லை.

போன் அடித்தது. அண்ணன்.

"குட்டி, கி-நாலை இன்னிக்கி ஏத்தாத. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"நாளைக்கி நாள் தாண்டிடும்ணா."

"தாண்டட்டுமே. செல்லாதுன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

"அது யார் வீட்டுக் குழாய்ணா?"

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பேர் எழுதிட்டானா அந்த மடையன்?"

அவள் அந்தக் குண்டு எழுத்தை மறுபடி பார்த்தாள்.

"இங்க பாரு. வரம்பைத் தாண்டினா பங்கை மூடணும், தோண்டணும். எங்க கம்பெனியை பங்குக்காரங்க தூக்கிடுவாங்க. அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது? மூக்குல வாசம் பட்ட அன்னிக்கே நம்ம வீட்டுக்கு கேன் போட்டேனா இல்லையா? உனக்கும் உங்கண்ணிக்கும் என்ன குறை வச்சேன்?"

"ஏத்திட்டேன்ணா."

"...எவ்வளவு?"

அவள் போனை வைத்தாள். அறிக்கையை அச்செடுத்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டு மேலாளர் மேசையில் வைத்தாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

தையல்காரம்மா வாசல் அறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சட்டை.

"என்னடி கண்ணு, வேலை நேரத்துல? அண்ணிக்கு வலி எடுத்துடுச்சா? சட்டை இன்னும் ஒண்ணுகூட முடியலயேடி!"

"இல்லக்கா."

"பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உக்காரு. தண்ணி குடி." செம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "மருந்து வாசம் அடிக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்காத. தொட்டியக் கழுவினா போயிடும்னு உங்கண்ணன்தான் சொன்னான். கழுவிக் கழுவி என் இடுப்புதான் போச்சு, வாசம் போகல."

சிரித்துக்கொண்டே செம்பில் இருந்த மீதியை அண்ணாந்து தன் வாயில் ஊற்றினாள்.

"குடிக்காதீங்கக்கா."

சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. தையல்காரம்மா செம்பைத் தாழ்த்தினாள். முகவாயில் ஒரு துளி நின்றது.

"பெட்ரோல்ல கலக்கறது உங்க தண்ணில இருக்குக்கா. இருபதுக்கு மேல இருக்கக்கூடாது. முந்நூத்திப் பத்து இருக்கு."

"என்னிக்கிலேருந்து?"

"நாலு மாசமா இருக்கணும். அண்ணனுக்குத் தெரியும்."

தையல்காரம்மா நடுச்சுவரைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். அவன் தங்கையாக அல்ல, இன்னார் என்று தெரியாத ஒருத்தியாக. அண்ணனைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ள முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"உங்க தண்ணி மூணு தடவை என் கைக்கு வந்துதுக்கா. ஏத்தியே பாக்காம, செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."