பட்டுக்கூட்டுப் பசை

மகள் பிறந்து இரண்டு மாதமாகியும் ஷெர்வின் அவளைக் கையில் தூக்கவே இல்லை. தொட்டிலை ஆட்டுவான், துணி துவைத்துப் போடுவான், வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுக்கு வண்டியை முடுக்கி மருந்து வாங்கி வருவான். "கொஞ்சம் புடிங்க" என்று மனைவி ஷீனா குழந்தையை நீட்டினால் மட்டும் அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். பெண் பிறந்ததில் இவனுக்கு வருத்தமோ என்று அவள் மனம் அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் குழந்தையை அவன் மடியில் வைத்தே விட்டாள். அவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டான்.

"எடு ஷீனா, எடு! கை கீறிப்புடும்."

அப்போதுதான் அந்தக் கைகளை அவள் சரியாகப் பார்த்தாள். மார்கழிப் பனியும், எஸ்டேட்டில் நாளெல்லாம் தண்ணீரில் காப்பிப் பழம் அலசும் வேலையும் சேர்ந்து உள்ளங்கை சொரசொரத்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது.

"ஒரு நாள் கன்னத்தத் தொட்டேன். செவப்பா கோடு உழுந்து, வீல்னு கத்திப்புட்டா."

"ஏனுங்க, இதச் சொல்றதுக்கென்ன? நான் என்னென்னமோ நெனச்சுப்புட்டேன்" என்ற ஷீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பிரசவத்துக்கு முன்பு அவள் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் சோப்பு, கிரீம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தாள். பட்டுக்கூடுகளை வேகவைத்து, அந்தப் பிசுபிசுப்பான தண்ணீரைக் கிரீமில் கலப்பார்கள். அங்கிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

"இது பொம்பளைங்க பூசுறதாச்சே!"

"கூட்டுல பசையாட்டம் ஒரு புரதம் இருக்குதுங்க. தோலு காஞ்சு போகாம ஈரத்தப் புடிச்சு வெக்கும். மொதல்ல முழங்கை மடிப்புல தடவிப் பாப்போம், அரிச்சா உட்டுரலாம்."

அரிக்கவில்லை. வெடிப்பு ஆறும் வரை அதைச் சுற்றிலும், பிறகு கை முழுக்க, தினமும் சாயங்காலம் அவளே தடவிவிட்டாள். வேலைக்குக் கையுறையும் போட வைத்தாள். தடவும் நேரத்தில் அவன் எஸ்டேட் கதையெல்லாம் பேசினான். கல்யாணமான புதிதில்கூட அவன் இவ்வளவு பேசியதில்லை.

காய்ப்பு போகவில்லை, ஆனால் தோல் இளகியது. ஒரு நாள் ஷீனாவின் கன்னத்தில் புறங்கையை வைத்து, பிறகு உள்ளங்கையை வைத்து, "உறுத்துதா?" என்றான்.

"இல்லீங்க. போய்த் தூக்குங்க."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி தூக்கினான். மகள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு சாவகாசமாக அவன் சட்டையை நனைத்தாள்.

"குடுங்க, துணி மாத்தோணும்."

"நொம்ப அவசரப்படாத" என்றான் ஷெர்வின், மகளை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."