பேச்சு மட்டும் வரல

சுந்தரராஜ் மூன்றாவது தடவையாகக் கடைக்கு ஃபோன் செய்தபோது, ஜெபிதா செல்லைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளியே பிடித்துக்கொண்டாள். அவர் எப்போதுமே கத்தித்தான் பேசுவார்.

"நடுவுல உள்ள ஸ்பீக்கர் செத்துப்போச்சும்மா. மாத்திக் குடு. இல்லன்னா எல்லாத்தையும் தூக்கிட்டுப் போ."

"இன்னைக்கே வாரேன் அண்ணாச்சி."

"என்னது?"

"வாரேன்னு சொல்லுதேன்!"

ராஜபாளையம் ரோட்டில் அவளும் கணவன் ஜெர்சோனும் கடை வைத்திருந்தார்கள். டிவி, இன்வெர்ட்டர், கேமரா என்று எல்லாமும் விற்றார்கள். ஹோம் தியேட்டர் என்றால் சுவரில் துளை போட்டு வயர் இழுப்பது ஜெர்சோன் வேலை. கடைசியில் உட்கார்ந்து சத்தத்தைச் சரிசெய்வது ஜெபிதாவின் வேலை. சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து வருடம் பாடியவள். பக்கத்தில் நிற்பவள் சுருதி லேசாக இறங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சுந்தரராஜ் வீட்டில் மாட்டிய வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஜெர்சோனே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்திருந்தான். புகார் வந்தபின் இரண்டு தடவை போனவனும் அவன்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவருக்குத்தான் திருப்தி இல்ல" என்று இரண்டு தடவையும் சொல்லிவிட்டான்.

சுந்தரராஜுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். முதலில் கூலிக்கு, பிறகு சொந்தமாக எட்டுத் தறி. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் தறிகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். படம் பார்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. டிவியில் பேசுவது தெளிவாக இல்லை என்று முதலில் டிவியை மாற்றினார். பிறகு அதன் அடியில் வைக்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்று வாங்கினார். அதுவும் சரிப்படவில்லை. அதன் பிறகுதான் இந்த ஹோம் தியேட்டர்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்தது வீடு. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே ஜன்னல் கம்பி அதிர்வது தெரிந்தது. சுந்தரராஜ் சோபாவின் நடுவில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பொன்செல்வி அடுக்களையில் இருந்தாள். அந்தச் சத்தத்தில் ஹாலுக்கு வருவதையே அவள் நிறுத்தியிருந்தாள்.

"வீட்டுக்காரன் வரலையா?" என்றார் சுந்தரராஜ்.

"சவுண்டு வேலை நான்தான் பாப்பேன் அண்ணாச்சி."

ஆம்ப்ளிஃபையரின் செட்டிங்கைத் திறந்து பார்த்ததும் ஜெபிதாவுக்கு முகம் சுருங்கியது. மெஷின் தானாகவே அளந்து, ஆறு அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளைக்கூட 'லார்ஜ்' என்று போட்டுவைத்திருந்தது. ஜெர்சோன் அதை அப்படியே விட்டிருந்தான். சுந்தரராஜ் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"தப்பு எங்க மேலதான் அண்ணாச்சி. இது சின்னப் பெட்டி. 'டம்'முனு வர்ற கனத்த சத்தத்தையும் பேச்சையும் சேத்து இதுகிட்ட குடுத்தா திணறிரும். இப்ப எண்பதுன்னு ஒரு கோடு போடுதேன். அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் மூலையில இருக்க சப்வூஃபருக்குப் போயிரும். பேச்சு மட்டும் இதுல நிக்கும். இதத்தான் கிராஸ்ஓவர்னு சொல்லுவாங்க."

அவர் அவள் வாயையே பார்த்தபடி தலையாட்டினார்.

எல்லாப் பெட்டிகளையும் 'ஸ்மால்' என்று மாற்றினாள். டேப்பை வைத்து சோபாவிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் தூரம் அளந்தாள். மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்த சப்வூஃபரை இரண்டடி வெளியே இழுத்தாள். நடுவில் இருந்த பெட்டிக்குச் சத்தத்தை ஒரு படி கூட்டினாள். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருந்த படத்தை ஓடவிட்டாள். ஜன்னல் கம்பி அதிரவில்லை. கதாநாயகன் பெருமூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அவள் திருப்தியோடு திரும்பிப் பார்த்தாள்.

சுந்தரராஜ் உதட்டைப் பிதுக்கினார். "சத்தம் வருது. பேச்சு வரல."

இன்னும் இரண்டு படி கூட்டினாள். கிராஸ்ஓவர் கோட்டை நூறுக்கு ஏற்றிப் பார்த்தாள். எண்பதுக்கே திரும்பினாள்.

"இந்தா, இவன் பேசுதது கேக்கு" என்று அவர் திரையைக் காட்டினார். அங்கே ஒருவன் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்தான். அடுத்த காட்சியில் கதாநாயகி முதுகைக் காட்டி நின்று பேசினாள். "இங்கனதான் போயிருது பாத்தியா? பொம்பளை பேசுததே வரல. கொழகொழன்னு இருக்கு."

ஸ்பீக்கரைச் சோதிக்கவென்று ஜெபிதாவின் செல்லில் ஒரு ஒலி இருந்தது. அடிமட்டத்தில் உறுமலாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, விசிலாகி, கடைசியில் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். சோதிக்க வேண்டியது ஸ்பீக்கரையா அவரையா என்று அப்போது அவளுக்கே தெளிவில்லை. அதை நடுப் பெட்டியில் போட்டாள்.

"கேக்கிற வரைக்கும் கையத் தூக்கி வச்சிருங்க அண்ணாச்சி."

அவர் பள்ளிக்கூடப் பையனைப் போல் கையைத் தூக்கினார். உறுமல் ஏறியது. ஊதல் ஆனது. விசில் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் கையைக் கீழே போட்டார்.

"நிப்பாட்டிட்டியா?"

ஒலி நிற்கவில்லை. அறை முழுக்க நிறைந்து இருந்தது. பொன்செல்வி கரண்டியோடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். "என்னம்மா இது, குக்கர் விசில் மாதிரி கீச்சுன்னு கேக்கு?"

சுந்தரராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜெபிதாவின் முகத்தைப் பார்த்தார். "எங்க கேக்கு?" என்றார்.

ஜெபிதா ஒலியை நிறுத்தினாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். "அண்ணாச்சி, பெட்டி நல்லாருக்கு. பேச்சுல ச, த, ப எல்லாம் பிரிஞ்சு தெரியணும்னா மேல உள்ள சத்தம் காதுல விழணும். அது ஒங்களுக்கு விழலைன்னு நெனைக்கேன். இத்தனை வருசம் தறிச் சத்தத்துல நின்னிருக்கீங்க. ஒரு காது டாக்டரப் பாத்தா..."

"யாருக்கு? எனக்கா?" அவர் எழுந்துவிட்டார். "இப்ப நீ பேசுதது எனக்கு நல்லாக் கேக்கத்தான செய்யி? ஓட்டப் பெட்டிய வித்துட்டு என் காதக் குத்தம் சொல்லுதியா?"

"என் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க அண்ணாச்சி. அதான்."

தறி ஓடும்போது யாரும் காதால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சை எடுப்பார்கள். அது அவருக்குப் பழகிப்போன கலை. அதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது.

பொன்செல்வி கரண்டியை டீப்பாயில் வைத்தாள். சோபாவின் கைப்பிடியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப நான் கூப்பிட்டது எதுவுமே ஒங்களுக்குக் கேக்கலையா?"

"எப்ப கூப்பிட்ட?"

"எப்பவும்தான்." அவள் தன் கையைத் தொட்டுக் காட்டினாள். "நாலு வருசத்துக்கு முன்ன கெணத்தடியில வழுக்கி விழுந்தேன்லா, கை ஒடஞ்சுதே? அன்னைக்கு நீங்க இங்கனதான் இருந்திய. அஞ்சாறு தடவ கூப்பிட்டேன். நீங்க வரல. பால்காரி வந்து தூக்கிவிட்டா."

"நீ கூப்பிடவே இல்லன்னுல்லா சொன்ன?"

"கூப்பிட்டும் வராத மனுசன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல? அன்னைலருந்து அடுக்களையில இருந்து கூப்பிடுததையே விட்டுட்டேன். நான் பேசுனா ஒங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்."

சுந்தரராஜ் நின்றபடியே இருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஜெபிதா வயர்களைச் சுருட்டிப் பையில் போட்டாள். "நான் சொல்லியிருக்கக் கூடாதோ அக்கா?"

"நீ சொல்லலன்னா இன்னும் எத்தன வருசம் இப்பிடியே இருந்திருப்போமோ" என்றாள் பொன்செல்வி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் சுந்தரராஜிடமிருந்து ஃபோன் இல்லை. ஜெபிதாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மனிதரை அவர் வீட்டு ஹாலிலேயே, மனைவி முன்னால், கையைத் தூக்கச் சொல்லி வைத்துப் பார்த்துவிட்டோமே என்று ஜெர்சோனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "செட்டிங்க ஒழுங்கா பாக்காம விட்டவன் நான். என்னைத் திட்டு" என்றான் அவன்.

நாலாவது வாரம் பொன்செல்வி கடைக்கு வந்தாள். அன்று வெளியே போனவர் பொழுது சாயும் வேளையில் திரும்பி வந்தாராம். கிணற்றடிக்குப் போய், ஹாலுக்கும் அதற்கும் எத்தனை தூரம் என்று பார்த்துக்கொண்டு நின்றாராம். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "திருநெல்வேலிக்குப் போவோமா?" என்று கேட்டாராம். டாக்டர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார். போனது திரும்பாது, ஆனால் காதில் மெஷின் வைத்தால் இருப்பதைக் கொண்டு சமாளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு காதுக்கும் வாங்கியாகிவிட்டது.

"ஆனா வீட்டுல கழட்டிக் கழட்டி வச்சிருதாக. தட்டு விழுந்தா இடி விழுந்த மாதிரி இருக்காம். படம் போட்டா காது கிழியுதாம். ஒருக்க வந்து பாத்துருதியாம்மா?"

ஜெபிதா அன்று மதியமே போனாள். சுந்தரராஜ் அவளைப் பார்த்து, "வாம்மா" என்றார். கத்தவில்லை. தன் குரலே தனக்குப் புதிதாகக் கேட்பவர் போல, மெதுவாக, கொஞ்சம் கூச்சத்தோடு பேசினார்.

"அன்னைக்குக் கோவப்பட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"அந்த விசில இன்னொரு தடவ போடு, பாப்போம்."

போட்டாள். கையைத் தூக்கினார். முன்பு இறக்கிய இடத்தைத் தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம் கை நின்றது. விசில் கடைசிவரை போவதற்கு முன்பே கை இறங்கிவிட்டது. அவர் கையைப் பார்த்தார். "அம்புட்டுதான் போல" என்றார். "அம்புட்டாவது இருக்கே."

போன தடவை பேச்சுக்காக ஏற்றியதையெல்லாம் ஜெபிதா ஒவ்வொரு படியாக இறக்கினாள். கிராஸ்ஓவரை எண்பதிலேயே விட்டாள். கீச்சென்று உறைக்கும் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கினாள். பின்னால் இருந்த இரண்டு பெட்டிகளையும் பாதிக்குப் பாதி குறைத்தாள். ஒவ்வொன்றையும் அவரைக் கேட்டுக் கேட்டே செய்தாள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம். போதும். இல்ல, பழையபடி வை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த பொன்செல்வியிடமும் கேட்டாள். "எனக்கு இதே சத்தம் போதும்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் படம் பார்த்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

ஜெபிதா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து பொன்செல்வி எதையோ கேட்டாள். முறுக்கா, மிக்சரா என்று கேட்டது போல் ஜெபிதாவுக்குக் கேட்டது.

"ஆமா" என்றார் சுந்தரராஜ்.

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. தான் சொன்னது பொருந்தவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"என்ன கேட்ட?" என்றார்.