மாப்பிள்ளை ஏறிய மோட்டார்

பெண்வீட்டார் போய்க் கைகூப்பி அழைத்து, தங்கள் வாகனத்தில் ஏற்றி, தங்கள் பந்தலில் கொண்டுவந்து இறக்கும்வரை மாப்பிள்ளையின் கால் மண்ணில் படக்கூடாது. இது எங்கள் குடும்பத்து வழக்கம். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு வில்வண்டி போதுமாயிருந்தது. மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கனாக, இருந்த எனக்கு, 1927ஆம் ஆண்டு ஆவணியில், மோட்டார் வேண்டியிருந்தது. சீமைக்குத் திரும்பிய துரையின் மோட்டாரை வாங்கினேன். அவருடைய டிரைவர் ரெங்கசாமியும் அதோடு சேர்ந்தே வந்தான். துரையிடம் வேலை பார்த்தவன் என்ற நினைப்பு அவனுக்குத் தலைப்பாகையைவிட உயரமாக இருந்தது.

மணப்பெண் யோகாம்பாள் என் காலஞ்சென்ற தம்பியின் மகள். தகப்பனில்லாத பிள்ளை என்று கல்யாணத்தில் குறை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எவர் வாயிலும் வரக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளை மகாதேவா கோலா சிலாங்கூர் காணிக் கந்தோரில் உத்தியோகம். அவருடைய உறவினர் எல்லோரும் விடியற்காலையிலேயே வாடகை லோரியில் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை, அவர் தாயார் பூரணம், தாய்மாமன் குமாரசிங்கம் ஆகிய மூவரையும் அழைத்து வருவது என் பொறுப்பு. கூறைச்சேலையும் தாலியும் வைத்த தட்டம் பூரணத்தின் மடியில் இருந்தது. உச்சிக்கு முன் தாலி ஏற வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் குதிரைபோல நின்றது. மகனை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்குக் கண்ணூறு படக்கூடாதென்று பூரணம் கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வந்து, விளக்கு, சக்கரம், மூடி, கைபிடி என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மங்கல காரியம், நான் மகிழ்ந்தேன். ரெங்கசாமி முன்னால் கம்பியைக் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினான். உடனே உறுமியது.

புக்கிட் ரோத்தான் என்ற ஊரை நெருங்கும்போது மோட்டார் இருமத் தொடங்கியது. இரண்டு குலுக்கல் குலுக்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது.

"என்ன, அண்ணை, இளைப்பாறுதோ?" என்றார் குமாரசிங்கம். அவர் எங்கும் எதற்கும் அபிப்பிராயம் உள்ளவர்.

ரெங்கசாமி இறங்கிச் சுற்றினான். அசைவில்லை. மறுபடி சுற்றினான். சட்டை முதுகோடு ஒட்டியதுதான் மிச்சம்.

"பிளக்குங்க. கரி பிடிச்சிருக்கும்," என்றான்.

"கரி பிடிச்ச பிளக்கோடையோ மாப்பிள்ளை அழைக்க வந்தனி?"

"காலையில தொடச்சுத்தாங்க வச்சேன். துரை இருந்தப்ப ஒரு நாளும் இது நின்னதில்லீங்க."

இந்த வாக்கியம் எனக்கு நெருப்பாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றினான், துடைத்தான், ஊதினான், மாட்டினான். சுற்றினான். அசையவில்லை.

"எண்ணெய் இருக்கோ எண்டு பார்த்தியளோ?" என்று மேலிருந்தபடியே கேட்டார் குமாரசிங்கம்.

அந்த மோட்டாரில் பெட்ரோல் தொட்டி முன்கண்ணாடிக்கு முன்னால், எஞ்சினுக்கு மேலே இருந்தது. பெட்ரோல் தன் பாரத்தில் தானே குழாய்வழி கீழே இறங்க வேண்டும். நான் இறங்கி, பித்தளை மூடியைத் திருகித் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. ரப்பர் மரக் குச்சியொன்றை ஒடித்து விட்டுப் பார்த்தேன். முக்கால் தொட்டி இருந்தது. குமாரசிங்கத்துக்குக் குச்சியைக் காட்டிவிட்டு மூடினேன்.

ரெங்கசாமி சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பார்த்தீங்களா? பிளக்குத்தான்!" என்று அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

பூரணம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் பொட்டு வைச்ச வண்டி. அதுக்கு ஒண்டும் வராது."

மறுபடி ஓடினோம். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த மேட்டில் ஏறும்போதே பழைய இருமல் திரும்பியது. மேட்டின் தலையில் மோட்டார் செத்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. முன்னும் பின்னும் ஆளரவமில்லை.

குமாரசிங்கம் சிரித்தார். பூரணம் சிரிக்கவில்லை.

"ரெண்டு தரம் தடங்கிப் போச்சு," என்றார் அவர் என்னைப் பார்த்து மெதுவாக. "முதல் தரம் எண்டால் தற்செயல். கூறைத்தட்டம் மடியிலை இருக்கேக்கை ரெண்டாந்தரமும் நிக்கிறதெண்டால்... தம்பி, மூண்டாந்தரம் நிண்டால் நாங்கள் வீட்டை திரும்பி, வேறை நாள் பார்ப்பம்."

"அம்மா, இயந்திரத்துக்குச் சகுனம் தெரியுமோ?" என்றார் மகாதேவா.

"உனக்குத் தெரியாது. வாயை மூடு."

வேறு நாள்! பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பிய பெண் என்ற பெயர் யோகாம்பாளுக்கு வந்தால், அதைக் கழுவ எந்த ஆற்றிலும் தண்ணீர் போதாது. தகப்பன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று ஒவ்வொரு தோட்டத்துக் கிராணி வீட்டிலும் பேசுவார்கள்.

"ரெங்கசாமி, என்ன செய்யிறாய்?"

"பிளக்க கழட்டுறேங்க."

"பிளக்கை விடு! உனக்கு வேறை ஒண்டும் தெரியாதோ?"

"மக்னெட்டோவாயிருக்கும்," என்றார் குமாரசிங்கம்.

"அதெண்டால் என்னெண்டு தெரியுமோ தம்பி?"

"பெயர் தெரியும். உங்கட டிரைவருக்கு அதுவும் தெரியாது போல."

"தெரியாம என்ன? அத தொடக்கூடாதுன்னு துரை சொல்லியிருக்காருங்க," என்றான் ரெங்கசாமி.

அந்த நேரம் பார்த்து, தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மேட்டில் ஏறி வந்தது. குமாரசிங்கம் எழுந்து நின்று கைதட்டினார். "அண்ணை, கௌரவத்தைப் பார்க்காதேங்கோ. தேங்காய்க்கு மேலை ஒரு பாயை விரிச்சால் மாப்பிள்ளை வடிவா இருப்பார்."

"என்ர வீட்டு வாசலிலை மாப்பிள்ளை தேங்காயோடை வந்து இறங்கிறதோ? தம்பி, இருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டிக்காரன் மாட்டை விரட்டிக்கொண்டு போய்விட்டான்.

எஞ்சினின் பக்கவாட்டுத் தகட்டை நானே தூக்கினேன். வெள்ளை வேட்டியில் எண்ணெய் பட்டது. பெட்ரோல் வந்து தேங்கும் சிறு கிண்ணத்தைக் கழற்றச் சொன்னேன். காய்ந்து கிடந்தது. தொட்டி நிறையப் பெட்ரோல், கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை. குழாயில் அடைப்பு என்று நினைத்து, மேலிருந்து ஊதுவதற்காகத் தொட்டி மூடியைத் திருகினேன். மறுபடி உஸ். நான் ஊதுவதற்கு முன்பே கீழே குழாய்முனையிலிருந்து பெட்ரோல் ஒழுகத் தொடங்கியது.

"ஐயா, வருதுங்க! வருதுங்க!" என்று கத்தினான் ரெங்கசாமி.

உள்ளங்கையால் தொட்டியின் வாயைப் பொத்தினேன். ஒழுகல் மெலிந்து நின்றது. கையை எடுத்தேன். ஒழுகியது. முதல் தரமும் மூடியைத் திறந்த பிறகுதானே எஞ்சின் பிடித்தது!

தோட்டத்து ஸ்டோரில் மண்ணெண்ணெய் டின்னை உடைக்கும்போது ஒரு துளை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். காற்றுப் போக எதிர்மூலையில் இன்னொரு துளை போட வேண்டும். இது என் ஸ்டோர் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியானால் இந்தத் தொட்டிக்கும் காற்றுத் துளை ஒன்று இருந்தாக வேண்டும்.

கையிலிருந்த மூடியைப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கத்தில், நட்டநடுவில், ஊசிமுனை அளவு துளை இருந்தது. வெளிப்பக்கத்தில் அதே நடுவில், வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாக இறுகிய பூரணத்தின் சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. மோட்டாரில் குறையில்லை, பெட்ரோலில் குறையில்லை, என்னில் குறையில்லை. இவ்வளவு நேரம் என்னைக் கிண்டல் செய்த குமாரசிங்கத்தின் முகத்துக்கு நேரே மூடியை நீட்டி, "இது உங்கட அக்காவின்ர கைவேலை" என்று சொல்ல வாய் திறந்தேன்.

பூரணம் கூறைத்தட்டத்தை இரண்டு கையாலும் அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்ற தாய் வைத்த பொட்டுத்தான் மாப்பிள்ளை ஏறிய வாகனத்தை மறித்தது என்று நான் சொன்னால், அதற்குப் பிறகு மூன்றாந்தரம் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அம்மாள் இந்த மேட்டிலேயே இறங்கிக் கோலா சிலாங்கூருக்கு நடந்துவிடுவார். இறங்காமல் வந்தாலும், நாளை யோகாம்பாளுக்குத் தலைவலி வந்தாலும் இந்தப் பொட்டைத்தான் சொல்வார்கள். சுரண்டி எடுப்பதும் ஆகாது. தான் வைத்த பொட்டு அழிந்ததை அவர் கண் காணாமல் போகாது.

முதுகைத் திருப்பி நின்றுகொண்டேன். சால்வையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, உள்பக்கத் துளைவழியே விட்டு, சந்தனத்தையும் குங்குமத்தையும் ஊடுருவி மறுபக்கம் வரும்படி குத்தித் திருகினேன். வெளியே பொட்டு அப்படியே இருந்தது. நடுவில் எறும்புக் கண்ணளவு ஓட்டை மட்டும். மூடியைப் பூட்டினேன். குழாய்முனையில் ஒழுகல் நிற்கவில்லை. கிண்ணத்தை மாட்டச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது.

"என்ன பிழை, அண்ணை?" என்று கேட்டார் குமாரசிங்கம்.

"பெட்ரோலிலை தண்ணி," என்றேன்.

"தண்ணியோ? எப்படி?"

"பெட்ரோல் டின்னைச் சரியா மூடி வைக்கேல்லை. மழைத்தண்ணி இறங்கியிருக்கும். நான் பார்த்திருக்க வேணும். என்ர கவனக்குறைவு."

ரெங்கசாமியின் வாய் திறந்தது. "ஐயா, நான் துணியில வடிகட்டித்தானே..."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு!"

"சகுனம் இல்லையே?" என்றார் பூரணம்.

"சகுனமுமில்லை, ஒண்டுமில்லை. என்ர பிழை. இனி நிக்காது."

அவர் நீண்ட மூச்சு விட்டுத் தட்டத்தைத் தளர்த்திப் பிடித்தார். குமாரசிங்கம் வழிநெடுக என் தண்ணீரைப் பற்றியே பேசி வந்தார். அவர் வீட்டில் எண்ணெய் டின்களை எப்படி அடுக்குவார்கள், என்ன மூடி போடுவார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினார். நான் தலையாட்டினேன். என் கழுத்து அதற்குப் பழக்கப்பட்டதல்ல, வலித்தது. மகாதேவா மட்டும் என் சால்வை தோளிலிருந்து நழுவுவதைப் பார்த்து அதை எடுத்துச் சரிசெய்து விட்டார்.

மோட்டார் நிற்கவில்லை. பந்தல் வாசலில் நாதஸ்வரம் முழங்க இறங்கினோம். மாப்பிள்ளையின் கால் நேரே விரித்த வெள்ளைத்துணிமேல் பட்டது. நேரம் மிச்சம் இருந்தது.

இறங்கிய வேகத்தில் குமாரசிங்கம் தன் உறவினர் நடுவே போய் நின்றுகொண்டார். "கேட்டியளோ, எங்கட சம்பந்தி மோட்டாருக்குத் தண்ணி ஊத்தி ஓட்டிறவர்! ரெண்டு தரம் வெயிலிலை வைச்சுக் காய்ச்சிப்போட்டார்!" பந்தல் முழுவதும் சிரிப்பு. இரண்டாம் கிராணி, எனக்குக் கீழே வேலை செய்கிறவர், பனை விசிறியால் வாயை மறைத்துக்கொண்டார்.

என் மனைவி இரத்தினம்மா முகம் கறுத்து ஓடிவந்தாள். "என்ன இது, சபையிலை உங்களைச் சிரிக்கினம். நீங்கள் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்! உங்கட வேட்டி என்ன கோலம்?"

"சிரிக்கட்டும்."

"உண்மையிலை தண்ணியோ? நேற்று முழுக்க நீங்கள்தானே டின்னுக்குப் பக்கத்திலை காவல் இருந்தனீங்கள்?"

"இரத்தினம், மாப்பிள்ளை வாசலிலை நிக்கிறார். ஆலாத்தித் தட்டு எங்கை?" என்றேன். "கெதியிலை கொண்டு வா."