தொட்டிக்குள் கிடந்தது

1.

ஒரு சாவை நம்பித்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை காலை என் தோழி உதயகலா தொலைபேசியில் அழுதாள். அவள் அழுது முடிய முன்னரே நான் முதல் வரியைத் தேடத் தொடங்கிவிட்டேன். (வெட்கம்தான். மறைக்கவில்லை.)

‘கடலுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சுவர்...’

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். உதயகலா காங்கேசன்துறைக் கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். கொனோடக்டிலஸ் என்பது சூடான கடல்களில் வாழும், இறாலைப் போன்ற ஒரு பேரினம். கும்பிடுபூச்சிபோல முன்கால்களை மடித்து வைத்திருக்கும். அவற்றால் அடித்தே சிப்பியை உடைக்கும். அதில் ஒன்றைப் பதினொரு மாதமாகத் தொட்டியில் வளர்த்தாள். அதன் பார்வையைப் பற்றித்தான் அவளது ஆய்வு முழுவதும்.

2.

அன்று காலை காற்றுப் பம்ப் நின்றிருந்தது. வளைக்கு வெளியே அது வெளிறி, மல்லாந்து கிடந்தது. கூடத்தைத் துப்புரவாக்கும் எமில்ராஜ் வாசலில் நின்றார்.

“அண்ணை, நீங்களே பம்பை நிப்பாட்டினனீங்கள்?”

“ஓம் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் கூட்டேக்கை வயரைக் கழட்டினனான். திரும்பக் கொழுவ மறந்துபோனன்.”

“உங்களை நம்பி ஒரு உயிரை விடேலாது. இனி இந்த அறைக்குள்ளை வராதேங்கோ!”

அவர் விளக்குமாற்றை வாசலில் சாத்திவிட்டுப் போய்விட்டார். [இங்கே அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லையாம். வெட்டிவிட்டேன்.]

3.

பதினொரு மணிக்கு மறுபடியும் அழைத்தாள்.

“சாகேல்லை! அது சட்டை கழட்டியிருக்கு!”

பம்பைக் கொழுவிவிட்டு, இடுக்கியால் அதைத் தூக்கியிருக்கிறாள். காகிதம்போல எடையில்லாமல் வந்ததாம். உள்ளே ஒன்றுமில்லை, வெறுங்கோது. வளைக்குள் டோர்ச் அடித்தபோது இரண்டு கண்கள் தனித்தனியாகத் திரும்பி அவளைப் பார்த்தன. ஓடு கழற்றும் என்று படித்தவள்தான். பயத்தில் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஈர நிலத்திலேயே குந்திவிட்டாள்.

நான் எழுதி வைத்திருந்த சோக முடிவைக் கிழித்துப் போட்டேன். எனக்கும் மூச்சு வந்தது.

4.

மத்தியானம் அவள் எமில்ராஜின் வீட்டுப் படலைக்குப் போனாள்.

(முடிவு அ: அவர் படலையைத் திறக்கவில்லை. முடிவு ஆ: அவர் மனைவி வினிபிரட் வந்து ஏசி... இரண்டும் பொய்.)

அவரே ஓடிவந்து திறந்தார். “பிள்ளை, உது...?”

“இருக்குது அண்ணை. உயிரோடை இருக்குது.”

“ஆண்டவரே!” என்று அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அவள் மீதான கோபம் அவர் நினைவிலேயே இருக்கவில்லை.

காலையில் ஏசியதற்கு அடுத்து அவள் ஒன்று சொல்லவேண்டும். அந்த வாக்கியத்தை மூன்றுதரம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்களும் யாருடைய படலையிலாவது இப்படி நின்றிருப்பீர்கள். அங்கே என்ன சொன்னீர்களோ, அதை இங்கே எழுதுங்கள். அவசரமில்லை, வினிபிரட் இப்போதுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாள்.