நடுநாயக நாற்காலி

பள்ளிக்கூட ஆய்வகத்தில் புளி மூட்டை அடுக்குகிற ஊரில் பௌதிக ஆசிரியையாக இருப்பது எப்படி என்று ஜோஸ்பினிடம்தான் கேட்க வேண்டும். தாளாளர் ஜெகநாதனுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் மொத்த மளிகை. கடையில் இடம் போதவில்லை, பள்ளியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றிய நாளிலிருந்து மூட்டைகள் உள்ளே வர ஆரம்பித்தன. ஒலியின் வேகம் கண்டுபிடிக்கிற கண்ணாடிக் குழாய் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் எங்கேயோ போயிற்று. இசைக்கவையை எடுத்துக் கடை ஆட்கள் நெய் டின் மூடி நெம்பினார்கள். நல்ல எஃகு, வளையவே இல்லை என்று பாராட்டும் வாங்கியது.

ஜோஸ்பின் அலைகள் பாடம் நடத்துவது ஒரு கொடிக்கயிற்றை வைத்துத்தான். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையை உதறுவாள். "கயிறு எங்கயும் போவல, இருந்த எடத்துலயே மேலயும் கீழயும் ஆடுது. போறது அதிர்வு மட்டுந்தான், பாத்துக்கோங்க" என்பாள். பிள்ளைகளும் பார்த்துக்கொள்வார்கள். வேறு எதைப் பார்ப்பது?

போன வருஷம் செய்முறைத் தேர்வு வேறொரு பள்ளியில் நடந்தது. அவளுடைய மாணவி ஒருத்தி இசைக்கவையைத் தலைகீழாக, கவையையே கையில் இறுகப் பிடித்துக்கொண்டு காம்பைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. தேர்வாளர் சிரித்துவிட்டார். நன்றாகப் படிக்கிற பெண், அலையின் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே வந்தாள். அந்த அழுகை ஜோஸ்பினுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருஷத் தேர்வுக்குள் அந்த அறை வேண்டும். கேட்காத நாள் இல்லை. "பாக்கலாம் டீச்சர்" என்பார் ஜெகநாதன். பார்க்கவும் செய்வார், மூட்டைகளை எண்ணி.

ஆண்டு விழா வந்தது. மைதானத்தில் மேடை, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி. முன்வரிசைக்கு நட்ட நடுவில் தாளாளருக்கென்று கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு வந்த சிவப்பு வெல்வெட் சிம்மாசனம். அது ஒரு சாண் தள்ளிப் போனாலும் ஜெகநாதனுக்குக் கோபம் வரும் என்பதால் கயிறு பிடித்து அளந்து நடுவில் போடுவது பள்ளியின் வழக்கம். முதுகில் வெள்ளை டர்க்கி டவல் விரிப்பது ஜோஸ்பினின் வேலை. அதற்குப் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் தேவைப்பட்டது போல.

டவலோடு அவள் சிம்மாசனத்தின் மேல் குனிந்தபோது மேடையில் மைக் செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்திக்கொண்டிருந்தார். குரல் திடீரென்று செத்துப்போயிற்று. அவள் நிமிர்ந்து பக்கத்தில் நகர்ந்தாள், காது கிழிந்தது. திரும்பக் குனிந்தாள், தகர டப்பாவுக்குள் யாரோ முனகுவது போல இருந்தது.

ஜோஸ்பின் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பார்த்துவிட்டாள். ஒரு பெட்டிக்கு ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். இந்தப் பெட்டி காற்றைத் தள்ளுகிற நேரத்தில் அந்தப் பெட்டி இழுக்கிறது. இரண்டுக்கும் சம தூரத்தில் இருப்பவனுக்கு அதன் அலையின் முகடும் இதன் அலையின் அகடும், மேடும் பள்ளமுமாக, ஒன்றாக வந்து சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சிய சத்தத்தை, சிம்மாசனத்தின் அருகே தலைவர்களுக்கென்றே வைக்கிற ராட்சத மின்விசிறியின் இரைச்சல் பார்த்துக்கொள்ளும். வருஷக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய அழிவுக் குறுக்கீடு, வெல்வெட் போர்த்திக்கொண்டு நேரிலேயே வந்திருந்தது. அவளுக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

மைக் செட்காரரிடம் சொன்னால் ஒரு நொடியில் ஒயரை மாற்றிவிடுவார். அவள் வாயைத் திறக்கவில்லை. டவலை மட்டும் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

விழா தொடங்கியது. ஜெகநாதன் பட்டு வேட்டி சரசரக்கச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். மேடையில் ஒவ்வொருவராக அவரைப் புகழ்ந்தார்கள். ஒரு சொல்லும் காதில் விழாமல் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதைப் பார்த்து ஆட்டினார் என்றால், மேடையிலிருப்பவர் தன் பக்கம் திரும்பிக் கும்பிட்டால் ஆட்ட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. விழாக்களில் உட்கார்ந்தே வாழ்ந்தவருக்கு இது தெரியாதா?

ஜோஸ்பின் முறை வந்தது. வழக்கமான மாலை மரியாதைச் சொற்களை அள்ளிப் போட்டுவிட்டு நிறுத்தினாள். "நமது தாளாளர் ஐயா, ஆய்வக அறையிலுள்ள தம் கடைச் சரக்குகளை நாளைக்கே அகற்றி, அறையைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தருகிறார்!" என்று சொல்லி, அவர் பக்கம் திரும்பி, இடுப்பு வளையக் கும்பிட்டாள்.

ஜெகநாதன் தலையாட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. போதாததற்குக் கையையும் தூக்கினார்.

மைதானமே கை தட்டியது. பின்வரிசையில் பிள்ளைகள் விசிலடித்தார்கள். மேடையை விட்டு இறங்கும்போதே, நாளை அவரிடம் சொல்ல வேண்டிய வரியை ஜோஸ்பின் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்: ஊர் முன்னாடி தலையாட்டினீங்களே சார்!

ஆனால் இவ்வளவு கைதட்டல் தனக்கு இதுவரை வந்ததில்லை என்பது ஜெகநாதனுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியிலிருந்த பெற்றோர் சங்கத் தலைவர் இருசப்பன் பக்கம் சாய்ந்து, "இன்னாயா சொல்லிச்சு அது?" என்று கேட்டார். இருசப்பன் சொன்னார். ஜெகநாதனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. சாய்ந்த தலைக்கு மேடைப் பேச்சு தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார், கேட்கவில்லை. இன்னொரு தரம் சாய்ந்தார், நிமிர்ந்தார். தராசு முள்ளைப் பார்த்தே வளர்ந்த மனுஷன், அவருக்கு முகடும் வேண்டாம் அகடும் வேண்டாம், சாய்ந்து நிமிர்ந்ததே போதும்.

அவர் எழுந்து மேடையேறினார். மைக்கைப் பிடிக்கும் முன் ஜோஸ்பினைக் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க என் நாற்காலில குந்துங்க. இன்னிக்கு அது உங்களுக்குத்தான்."

ஊரே பார்க்கிறது. எப்படி மறுப்பது? ஜோஸ்பின் போய் வெல்வெட்டில் அமர்ந்தாள். மின்விசிறி காதருகே இரைந்தது. மேடையில் ஜெகநாதனின் வாய் அசைந்தது, டப்பாவுக்குள் முனகல் கேட்டது. சாய்ந்து கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. தன்னைத்தான் புகழ்கிறார் என்று நினைத்தாள். அந்த நாற்காலி யாரையும் அப்படித்தான் நினைக்க வைக்கும். ஜெகநாதன் அவள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஓரத்தில் அவள் கணவன் ஆண்டனிகூடக் கை தட்டிக்கொண்டிருந்தான். ஜோஸ்பின் வெட்கத்தோடு தலையாட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து அரியூரில் தன் வீட்டுக்கு வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். சரக்கேற்றுகிற குட்டியானை வண்டி ஒன்று நின்றது. கடை ஆட்கள் புளி மூட்டைகளை அவள் முன்கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்டனி சோபாவை நகர்த்தி இடம் விட்டுக்கொண்டிருந்தான். மிளகாய் நெடியில் அவனுக்கு ஓயாத தும்மல்.

"இன்னாங்க இது?"

"இன்னாவா? புது கொடோன் கட்டி முடிக்கிற வரிக்கும் சரக்கு நம்ம வூட்லதான் இருக்கும்னு மைக்ல சொன்னாரே. டீச்சரோட தியாகம்னாரு. நீயும் தலையாட்டின. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே ஒத்துகினியேன்னு நெனைச்சேன். சரி, ஊரே தட்டுதேன்னு நானும் தட்டினேன்."

வண்டிக்குப் பின்னாலிருந்து ஜெகநாதன் வந்தார். "லேப்பு சுத்தமா காலி டீச்சர். கூட்டிக்கூட விட்டுட்டேன். நாளைக்கே பாடத்த வெச்சிக்கோங்க."

அறை கிடைத்துவிட்டது. அது பொய்யில்லை. கண்ணாடிக் குழாய், இசைக்கவை எல்லாம் இனி பிள்ளைகள் கையில் இருக்கும். ஆனால் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்தது மிளகாயாலா வேறெதனாலா என்றும் தெரியவில்லை.

"சார், ஊர் முன்னாடி..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா, ஊர் முன்னாடி தலையாட்டினீங்களே டீச்சர்!"

"எனக்கு ஒண்ணுமே காதுல வுழல சார்."

ஜெகநாதன் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "எனக்கு மட்டும் வுழுந்துச்சா இன்னா?"

ஜோஸ்பின் தலையாட்டினாள்.