கிளப்பக் கூடாத பறவைகள்

வெயில் சாயத் தொடங்கியும் ஓட்சிலேயின் வண்டி திரும்பவில்லை. பறவைச் சரணாலயத்தின் நுழைவாயிலை ஒட்டிய மரமேடையில் ஏறித் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். உப்புப் பரப்பு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதற்கப்பால் தண்ணீர், தண்ணீரின் விளிம்பில் பூநாரைகள். வண்டியை மட்டும் எங்கேயும் காணோம். என் தங்கை செனோலோ புருஷனோடு அதில்தான் போயிருக்கிறாள், எட்டு மாத வயிற்றோடு.

காலையில் பிரான்சிஸ்டவுன் நகரத்திலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "புள்ள பொறந்துட்டா நான் எங்க இந்தப் பக்கம் வரப்போறேன், ஒரு தடவ பறவைங்களப் பாத்துட்டு வந்துடறேங்க்கா" என்று பிடிவாதமாக நின்றாள். இங்கே காவல் பார்க்கிற நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன். வெள்ளைக் கழி நட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது, பறவைகளைக் கிளப்பக் கூடாது.

அவள் புருஷன் ஓட்சிலே சிரித்தான். "நான் மாடு மேய்ச்ச எடத்துல எனக்கே வழி சொல்றீங்களாக்கா?"

"வாய்க்கொழுப்பக் கொறச்சுட்டு வண்டியப் பாத்து ஓட்டு" என்றேன். அப்போது மூன்று பேருமே சிரித்தோம்.

மேடையிலிருந்து இறங்கிக் கழிப்பாதையில் நடந்துபோய்ப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே டயர் தடம் கழிகளை விட்டு விலகி, பழைய மாட்டுத்தடத்தில் இறங்கியிருந்தது. போனிலும் சிக்னல் இல்லை. ஓடிவந்து, விறகு ஏற்றிக்கொண்டு சாலையில் போன கெரெங்கின் கழுதைவண்டியை மறித்தேன். கெரெங் ஓட்சிலேயின் அப்பா. நாலு ஊரும் சேர்ந்து இந்த இடத்தைப் பறவைகளுக்கு விட்டபோது, மாடுகளை வெளியே ஓட்டிவிட்டு வேலி போட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியவள் நான். கூடாது என்று கத்தியவர் அவர். சம்பந்தி ஆன பிறகும் எங்களுக்குள் பேச்சு அளவோடுதான்.

"மாட்டுத்தடத்துலயா போனான்?" கெரெங் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார். "மாடு போன வழியில கண்ண மூடிக்கிட்டுப் போலாம்னு நான்தான் அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தேன்."

"அப்பறம் என்ன மாமா, கெட்டியாத்தானே இருக்கும்?"

"தெனமும் மாடு மிதிச்சதாலதான் கெட்டியா இருந்துச்சு. மாட்டத் தொரத்தி எத்தன மழ போச்சு? மேல அப்பளம் மாதிரி காஞ்சிருக்கும். கீழ பூரா சேறு."

தண்ணீர்ப் பக்கமிருந்து வந்த காற்று பிடரியில் பட்டது. மத்தியானம் வரை அது எதிர்ப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. இந்தப் பரப்பில் தண்ணீர் முழங்கால்கூட வராது. ஆனால் காற்று தள்ளினால் தள்ளின பக்கம் நகரும். காலையில் காய்ந்த தரையாக இருந்த இடம் பொழுது சாய்வதற்குள் ஏரியாகிவிடும். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு செனோலோ சேற்றில் எப்படி நடப்பாள்?

கெரெங் விறகைச் சாலையிலேயே தள்ளிவிட்டார். நான் பூட்டைத் திறந்து பெரிய கதவைத் தள்ளினேன். வேலி போட்ட நாளிலிருந்து குளம்புள்ள எதையும் நான் உள்ளே விட்டதில்லை.

"கழுத உள்ள போலாமா, அதிகாரியம்மா?" என்றார். கிண்டல்தான், ஆனால் குரல் நடுங்கியது.

"போங்க மாமா!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தடம் பாதியில ரெண்டாப் பிரியுது, அங்க பூரா புல்லு, டயர் பதிஞ்சது தெரியாது. தண்ணிப் பக்கம் புல்லுமேடு மறைக்கும், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ மேல நின்னு பாத்துக் கை காட்டு."

மேடைக்கு ஓடினேன். கெரெங்கின் வண்டி சின்னதாகிக்கொண்டே போய்ப் பிரிவில் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எதைக் காட்டுவது? தொலைநோக்கியை வலமும் இடமுமாகத் திருப்பினேன். தண்ணீர் பளபளத்தது. உள்ளுக்குள் செனோலோவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இடது கோடியில் பூநாரைகள் எழும்பின. சிவப்பு இறகுகள் விரிய ஒரு வட்டம் அடித்து, அதே இடத்தில் இறங்கின. நரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நரி விரட்டினால் பறவைகள் இடம் மாறித்தான் உட்காரும். தொலைநோக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் எழும்பின. அதே இடத்திலிருந்து, அதே வட்டம். யாரோ வேண்டுமென்றே விரட்டுகிறார்கள். பறவைகளைக் கிளப்பக் கூடாது என்று காலையில் நான் சொன்னதைச் செனோலோ மறந்திருக்க மாட்டாள். நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தலைத்துணியை அவிழ்த்து இடது பக்கமாக வீசினேன், தோள் வலிக்க வீசினேன். கழுதைவண்டி இடப்பக்கம் திரும்பிப் புல்மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. காற்று பலத்தது. தண்ணீரின் விளிம்பு முன்பிருந்த இடத்தில் இல்லை. தொலைநோக்கிக்குள் பூநாரைகள் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேயத் தொடங்கியிருந்தன; இப்போது யாரும் அவற்றை விரட்டவில்லை. எழும்பு, இன்னொரு தடவை எழும்பு என்று அவற்றைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.